ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல

இல்ல சார், அமுக்காதீங்க. அந்த மணிய நீங்க நூறு தடவை அமுக்கினாலும் அது என் மேஜைலதான் வந்து அடிக்கும். வேற யாருக்கும் கேக்காது. ஞாயித்துக்கிழமை காலைல இந்தக் கட்டடத்துல யாரு இருக்கா? நீங்க ஒருத்தர், நான் ஒருத்தன். கேக்குது சார், நல்லாவே கேக்குது. பட்டனுக்குக் கீழ சின்னச் சின்ன ஓட்டையா ஒரு தகடு இருக்கு பாருங்க, அதுகிட்ட வாய வெச்சுக் கத்த வேணாம். சாதாரணமாப் பேசினாலே போதும்.

நீங்க இப்போ ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறீங்க. கதவ விரலால நெம்பிப் பாக்கறீங்க, இங்க சத்தம் வருது. வேணாம் சார். திறந்தாலும் எதிர்ல சுவருதான் இருக்கும். அதப் பாத்துக்கிட்டு நின்னா இன்னும் மூச்சு முட்டும். ஃபேன் ஓடுதில்ல? லைட் எரியுதில்ல? அப்புறம் என்ன. கீழ உக்காருங்க. சட்ட கசங்கினா கசங்கிட்டுப் போகுது.

நானா? லிஃப்ட் மெக்கானிக் சார். இந்தக் கட்டடத்துல இருக்கற நாலு லிஃப்டும் என் பொறுப்பு. போன மாசம்தான் இங்க மாத்தி விட்டாங்க. அதுக்கு முன்னாடி ஊரெல்லாம் சுத்தின ஆளு. இருபத்தாறு வருஷம். வீட்டுல படுத்த நேரத்த விட லிஃப்ட் குழில நின்ன நேரம்தான் ஜாஸ்தின்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா. நான் சொல்லுவேன், குழிலதான் யாரும் திட்ட மாட்டாங்கன்னு.

எவ்வளவு நேரம் ஆகும்னா... ஒரு ஃபைல் வரணும் சார். கொஞ்சம் விவரம் காணாமப் போயிருக்கு. அது வேற ஒரு மெஷின்லேருந்து வந்துக்கிட்டு இருக்கு. இப்போ இருபத்திரண்டு பெர்சென்ட். நூறு ஆனதும் நானே உங்கள இறக்கி விட்டுடறேன். அதுவரைக்கும் இந்த வண்டி நகராது. இதுல பொய் ஒண்ணும் இல்ல.

எங்க போறதுக்கு வந்தீங்க? பல் டாக்டர்கிட்டயா? ஞாயித்துக்கிழமையா? சரி சரி. வலிக்கு ஏது கிழம. எந்தப் பல்லு? கடவாப் பல்லா. அது ராத்திரில உயிர எடுக்கும் சார், எனக்கும் தெரியும்.

ஃபோன் எடுக்காது. அங்க சிக்னல் வராது. நாலு பக்கமும் இரும்பு. நீங்க தூக்கிப் பிடிச்சாலும் வராது, கீழ இறக்கினாலும் வராது. சும்மா வெச்சுடுங்க.

போரடிக்காம இருக்க ஒரு விஷயம் சொல்றேன். எங்க வீட்டு விஷயம்தான். என் தங்கச்சியப் பத்தி.

கூடப் பிறந்தவ இல்ல சார், சித்தி பொண்ணு. சித்தி சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாங்க. அப்புறம் எங்க வீட்டுலயே வளந்தா. ஒரே தட்டு, ஒரே போர்வை. வீட்டுல அவளுக்கு ஊசின்னு பேரு. ஒல்லியா இருக்கறதால இல்ல. எதச் சொன்னாலும் ஏன்னு குத்துவா. மழ ஏன் பெய்யுது, சரி. மழ ஏன் நம்ம வீட்டுக்குள்ள மட்டும் பெய்யுது? மறுநாள் அப்பா ஏணி வாங்கிட்டு வந்து கூரைய அடைச்சாரு.

அந்தக் குத்தற புத்திதான் அவள நல்லாப் படிக்க வெச்சுது. கம்ப்யூட்டர் படிச்சா. லிஃப்ட் செய்யற கம்பெனி ஒண்ணுல வேலைக்குப் போனா. நான் லிஃப்டுக்கு எண்ண போடறவன், அவ லிஃப்டுக்கு மூளை எழுதறவ. ஆமா சார், இப்பல்லாம் மூளை சாஃப்ட்வேர்தான். எந்த மாடி, எப்ப நிக்கணும், எப்ப கதவு திறக்கணும், எல்லாம் அதுதான் முடிவு பண்ணும்.

அவ எழுதினதுல ஒரு சின்னத் துண்டு இருந்துச்சு. கதவத் திறக்கறதுக்கு முன்னாடி லிஃப்ட் பிரேக்கப் பாத்து, புடிச்சிருக்கியான்னு ஒரு கேள்வி கேக்கும். புடிச்சிருக்கேன்னு பதில் வந்தாத்தான் கதவு திறக்கும். பதில் வரலன்னா திறக்காது, அப்படியே நிக்கும். அவ்வளவுதான். அவ புத்தி மாதிரியே, கேள்வி கேக்கற துண்டு.

ஆமா சார், இந்த லிஃப்டும் அதே கம்பெனி லிஃப்டுதான். ஏன் கேக்கறீங்க? கேட்ட விதத்துலயே குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சே. பல் வலிக்கு வந்தவருக்கு எந்தக் கம்பெனியா இருந்தா என்ன.

சொல்றேன் கேளுங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரி, புதுசாக் கட்டினது. லிஃப்ட் ஆர்டர் அந்தக் கம்பெனிக்குக் கிடைச்சுது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ரிப்பன், மைக், சேர் எல்லாம் போட்டாச்சு. அந்த வாரம் புதன்கிழமை ஓட்டிப் பாத்தா நாலாவது லிஃப்ட் கதவு திறக்க மாட்டேங்குது. ஏன்னா பிரேக் வழுக்குது. உரசிப் புடிக்கற பட்டை, லைனிங்னு சொல்லுவோம், அது சரியில்ல, வந்த பெட்டிலேருந்தே மோசம். புதுசு வர எட்டு நாள் ஆகும். அந்த எட்டு நாளும் லிஃப்ட மூடி வெச்சிருந்தா முடிஞ்சு போற கத சார் இது.

தங்கச்சியோட மேனேஜர் ஒருத்தரு. நான் பாத்ததில்ல அப்போ. பிரமாதமாப் பேசுவாராம். அவரு பேசினா நனைஞ்சு வந்தவனே மழை பெய்யலன்னு ஒத்துக்குவான்னு ஊசி சொல்லுவா. அவரு என்ன பண்ணாரு, அந்தப் புதன்கிழமை தானே உக்காந்து, அந்தக் கேள்வித் துண்ட மட்டும் கழட்டிட்டு ஒரு புது வெர்ஷன் செஞ்சாரு. கேள்வியே இல்லன்னா பதிலும் வேணாம்ல. கதவு திறந்துடும்.

வியாழக்கிழமை காலைல ஊசி அதப் பாத்துட்டா. எப்படின்னா, அந்தக் கம்பெனில எழுதறதெல்லாம் ஒரே கிடங்குலதான் இருக்கும். ரெப்போன்னு சொல்லுவாங்க. ஒரு எழுத்த மாத்தினாலும் சரி, யாரு மாத்தினது, எந்த நேரத்துல, எதுக்காகன்னு எழுதி, நாப்பது எழுத்து நீளத்துக்கு ஒரு நம்பர் குத்தி உள்ள வெச்சுடும். ஒவ்வொண்ணும் தனக்கு முந்தினது எதுன்னு கையப் புடிச்சிருக்கும். பேரனக் கூப்பிட்டா அப்பன், தாத்தன், கொள்ளுத்தாத்தன் எல்லாரும் பின்னாலயே வந்து நிப்பாங்க. தனியா ஒருத்தன மறைக்க முடியாது. வம்சத்தையே மறைச்சாத்தான் உண்டு.

அவ மேனேஜர்கிட்டப் போய்க் கேட்டா. அவரு சிரிச்சாராம். ஒரு வாரம்தானேம்மா, பிரேக் வந்ததும் திரும்பப் போட்டுக்கலாம்னாராம். அவ விடல. இது ஆபத்து, இதப் போடக் கூடாதுன்னு அந்தக் கிடங்குலயே அவரு எழுதினதுக்குக் கீழ எழுதி வெச்சா. அதோட நிக்காம, ஆஸ்பத்திரிக்குப் போற மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணா. புதுசா ஒண்ணு வந்திருக்கும், அதத் தொடாதே, பழசையே போடு, லிஃப்ட் நின்னா நிக்கட்டும்னு சொன்னா. அவன் சரின்னான்.

சார்? இருக்கீங்களா? முப்பத்தேழு பெர்சென்ட் ஆயிருக்கு. நடுவுல டெஸ்ட் பண்ணின பதிவெல்லாம் இருக்காம், அதுங்க பெரிய பெரிய சைஸ். அதான் மெதுவா வருது.

மூணு வாரம் ஓடுச்சு. பிரேக் லைனிங் வரல. எட்டு நாள்ல வர வேண்டியது, யாரும் ஞாபகப்படுத்தல. திறப்பு விழா முடிஞ்சுதில்ல, அப்புறம் யாரு கவலப்படுவா.

அந்த ஆஸ்பத்திரில துணி வண்டி தள்ற அம்மா ஒருத்தங்க. படுக்கை விரிப்பு, தலகாணி உறை எல்லாம் மாடி மாடியா எடுத்துட்டுப் போய் அழுக்கு எடுத்துட்டு வர்றது. வண்டி கனமா இருக்கும், தள்ள முடியாது. அதனால எப்பவும் முதுகுப் பக்கமா லிஃப்டுக்குள்ள போய் வண்டிய இழுப்பாங்க. அன்னிக்கும் அப்படித்தான். கதவு திறந்துச்சு. பின்னால அடியெடுத்து வெச்சாங்க. பிரேக் புடிக்கல. கதவு திறந்தபடியே லிஃப்ட் இறங்கிடுச்சு.

அதுக்கு மேல நான் சொல்லல சார். நீங்க இருக்கற இடத்துல அதக் கேக்கக் கூடாது.

நான் அவங்க வீட்டுக்குப் போனேன். வேலை இருந்துச்சு பக்கத்துல, அப்படியே போனேன். வீட்டுக்காரரு ரொம்ப அமைதியான மனுஷன். யாருன்னு கேக்கல. வாங்கன்னாரு, சேர் எடுத்துப் போட்டாரு, தண்ணி குடுத்தாரு. சுவத்துல ஒரு ஹேங்கர்ல அந்த அம்மாவோட இன்னொரு யூனிஃபார்ம் தொங்குச்சு. இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாம. அதத் திருப்பிக் குடுக்கணுமாம், ஆஸ்பத்திரில கேட்டிருக்காங்க, எனக்குத்தான் மனசு வரலன்னாரு. ஒரு மணி நேரம் உக்காந்தேன். என்ன சொல்லணும்னு போனேனோ அதச் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன்.

விசாரண வந்துச்சு. கம்பெனி தன்னோட கிடங்கத் திறந்து காட்டுச்சு. பாத்தா, அந்த வாரம் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள் அப்படியே காணோம். அதுக்குப் பதிலா ஒரே ஒரு மாத்தம் இருக்கு. கேள்வித் துண்டக் கழட்டினது. எப்பன்னா, திறப்பு விழாவெல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு. யாரு பேருல? ஊசி பேருல.

கத எப்படிக் கட்டினாங்கன்னு பாருங்க. மெக்கானிக் நல்ல வெர்ஷனத்தான் போட்டாரு, அப்புறம் இந்தப் பொண்ணு உக்காந்த இடத்துலேருந்தே அத மாத்திடுச்சு, கவனக் குறைவுன்னு. மெக்கானிக்கும் ஆமான்னான். ஆபீஸ்லேருந்து ஒரு குமாஸ்தா டைப் அடிச்ச தாள் கொண்டு வந்தான். நான் பழைய வெர்ஷனத்தான் ஏத்தினேன்னு அதுல இருந்துச்சு. கையெழுத்துப் போட்டான்.

அவ லேப்டாப்ப அன்னிக்கே புடுங்கிட்டாங்க. மத்தவங்ககிட்ட சர்வர் மாத்தறோம், உங்க மெஷின்ல இருக்கறத அழிச்சுட்டு புதுசா எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. பழசு வெச்சிருந்தவன் ஒருத்தன் இல்ல. அவளக் கைது பண்ணி பதினொரு நாள் உள்ள வெச்சிருந்தாங்க சார். எங்க அம்மா அந்தப் பதினொரு நாளும் அவ தட்டுல சோறு போட்டு மூடி வெச்சாங்க. சாயங்காலம் அத எடுத்து அவங்களே சாப்பிடுவாங்க.

ஜாமீன்ல வந்தவ எப்படி இருந்தான்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, நானா சொல்றேன். அழல. ஏன்னு கேக்கல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. முப்பத்தாறு வருஷமா ஏன் ஏன்னு குத்தினவ, வாயே திறக்கல. காலைல எந்திரிச்சு ஜன்னலோரம் உக்காந்தா விளக்கேத்தற வரைக்கும் அங்கயே. தண்ணி குடும்மான்னாக் குடிப்பா. அந்த வீட்டுல நாங்க எல்லாரும் மெதுவாத்தான் நடப்போம்.

ஒரு நாள் திடீர்னு, அண்ணா, அந்தப் பழைய பொட்டின்னா.

அம்பத்தெட்டு சார். கேட்டீங்கல்ல, அதான்.

பழைய பொட்டி என்னன்னா, கம்பெனியோட பழைய சர்வர். புதுசு வாங்கினதும் அத ஒரு ஸ்டோர் ரூம்ல தள்ளிட்டாங்க. காலி அட்டப் பெட்டிக்கும் உடைஞ்ச நாற்காலிக்கும் பின்னால. ஆனா கரண்ட்ட யாரும் புடுங்கல. ஒயர் மாட்டினது ஊசிதான், அதனால அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு. அது பாட்டுக்கு புது சர்வர்ல என்ன வந்தாலும் ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிட்டே இருக்கும். புது சர்வர்ல எதையும் அழிக்கற பெரிய சாவி வெச்சிருக்கற மேனேஜரு வம்சத்தையே அழிச்சுட்டாரு, சரி. ஆனா இந்தப் பொட்டிக்கு வாங்கி வெச்சுக்கத்தான் தெரியும், தூக்கிப் போடத் தெரியாது. கிழவனுக்குக் காது கேக்காத மாதிரி. மறந்துடுன்னு சொன்னா அவனுக்குக் கேக்காது.

அவ வக்கீல் மூலமாக் கோர்ட்டுல கேட்டா. கோர்ட் ஒரு கம்ப்யூட்டர் நிபுணர வெச்சுது. கம்பெனி வசம் இருக்கற எல்லா மெஷின்லேருந்தும் நகல் எடுக்கலாம், யாரும் எதையும் கை வைக்கக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்தாச்சு. திங்கக்கிழமை ஆளுங்க நேர்ல வருவாங்க, மெஷின் பட்டியல ரெடியா வைங்கன்னு கம்பெனிக்குத் தாள் போச்சு. அந்தப் பட்டியல் எழுதும்போதுதான் யாருக்கோ பொறி தட்டியிருக்கணும். அடடா, ஸ்டோர் ரூம்ல ஒண்ணு ஓடுதேன்னு.

நடுவுல ரெண்டு நாள் இருக்குல்ல. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்கல்ல.

ஊசி அத யோசிச்சா. நிபுணரும் யோசிச்சாரு. திங்கள் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், ஆர்டர் இருக்கு, தூரத்துலேருந்தே இழுத்துடலாம்னு இன்னிக்குக் காலைல அவரு ஆபீஸ்ல ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. இழுக்கறதுன்னா, காணாமப் போன அந்த அஞ்சு நாளையும் அந்தப் பொட்டிகிட்டேருந்து கேட்டு வாங்கறது. ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சாங்க. பழைய பொட்டி, பழைய லைன். மெதுவாத்தான் வரும். பாதில யாராவது கரண்ட்டப் புடுங்கினா போச்சு. பாதி வம்சம் வந்து பிரயோஜனம் இல்ல.

எழுபத்தொண்ணு. ஊசிதான் அங்கேருந்து மெசேஜ்ல சொல்லிக்கிட்டே இருக்கா.

சார், உங்களுக்குப் பல் வலிதானே? பல் டாக்டர் அஞ்சாவது மாடி. நீங்க அமுக்கினது ஒம்பது. இங்க பலகைல சிவப்பா எரியுது. ஒம்பதாவது மாடில ஒரே ஆபீஸ்தான், அந்த லிஃப்ட் கம்பெனி. ஸ்டோர் ரூமும் அங்கதான் இருக்கு, காப்பி மெஷினத் தாண்டி, இடது கைப் பக்கம்.

கத்தாதீங்க சார். மரியாதையாத்தான் பேசிட்டு இருக்கேன். உதச்சா கதவுதான் நெளியும். ஆமா, நான்தான் நிறுத்தினேன். ஒம்பதே முக்காலுக்கு நீங்க கண்ணாடிக் கதவத் தள்ளிட்டு வந்தீங்க. நான் ஏணில நின்னுக்கிட்டு இருந்தேன், என்னப் பாக்கக் கூட இல்ல. அடையாள அட்டையக் கழட்டிச் சட்டப் பைல போட்டுட்டுத்தான் லிஃப்டுக்குள்ள ஏறினீங்க. யாராவது வந்தா ஃபோன் பண்ணு அண்ணான்னுதான் ஊசி சொல்லியிருந்தா. ஃபோன் பண்ணி என்ன பண்றது? அவங்க ஆபீஸ்லேருந்து இங்க வர முக்கா மணி நேரம். ஒயரப் புடுங்க மூணு செகண்ட். அதான் சுவிட்ச இறக்கிட்டேன். அவளுக்குத் தெரியாது. இப்பவும் தெரியாது.

கேஸ் போடுங்க. வேல போகும், தெரியும். போடுங்க சார், நானே சாட்சி சொல்றேன்.

ஆனா ஒரு விஷயம் உங்களுக்குப் புரியல. நீங்க என்ன நினைக்கறீங்கன்னா, எவனோ ஒரு அண்ணன்காரன் தங்கச்சியக் காப்பாத்த நிக்கறான், பேசி வளைச்சுடலாம்னு. வளைக்கலாம் சார். உங்களால முடியும். அந்த மெக்கானிக்க வளைச்சீங்களே.

அவனப் பத்திச் சொல்லி முடிச்சுடறேன். இன்னும் நேரம் இருக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரில நாலாவது லிஃப்ட் மேல உக்காந்திருந்தான். பிரேக் லைனிங்கத் தொட்டுப் பாத்தான். வழவழன்னு இருந்துச்சு, சோப்பு மாதிரி. தெரியாதவன் இல்ல, தொட்டா தெரியும் அவனுக்கு. லேப்டாப்ல பழசும் இருந்துச்சு, புதுசும் இருந்துச்சு. தங்கச்சி சொன்னது காதுலயே இருந்துச்சு. அப்பத்தான் ஒரு ஃபோன். மேனேஜர். வாழ்க்கைல முதல் தடவையா மேனேஜரே கூப்பிடறாரு. அண்ணேன்னு கூப்பிட்டாரு சார். இந்தக் கம்பெனியே உங்க கைல இருக்கு அண்ணே, ஒரு வாரம்தான், ரெண்டு நிமிஷ வேலைன்னாரு. இருபது வருஷத்துக்கு மேல எண்ணக் கறையோட திரிஞ்சவன ஒரு பெரிய மனுஷன் அண்ணேன்னு கூப்பிட்டா என்ன ஆகும்? உருகிட்டான். வேல போயிடும்னு பயந்து செஞ்சான்னு சொன்னாலாவது கேக்கறவன் மன்னிப்பான். அவன் பயப்படல. சந்தோஷத்துல செஞ்சான். புதுச ஏத்தினான், கதவு திறந்துச்சு, சரியாப் போச்சுன்னு விசில் அடிச்சுட்டு இறங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கேட்டா. பழசுதானே போட்டேன்னு. ஆமாம்மான்னான்.

அவ நம்பினா சார். ஊர்ல எல்லாரையும் ஏன்னு கேக்கறவ, அவன மட்டும் கேக்க மாட்டா. விசாரணைல, ஜெயில்ல, வக்கீல்கிட்ட, எல்லா இடத்துலயும் அதையே சொன்னா. அவன் நல்லதத்தான் போட்டான், அப்புறம்தான் மேனேஜர் எங்கேருந்தோ மாத்தியிருக்காரு, அந்தத் தடயம் கிடங்குல இருக்கும்னு. அந்தத் தடயத்தத்தான் இப்போ இழுத்துக்கிட்டு இருக்கா. அப்படி ஒண்ணு இல்ல. இருக்கறது வேற.

தொண்ணூறு ஆயிடுச்சு.

என் குரல் உங்களுக்கு இன்னும் ஞாபகம் வரலயா? பரவால்ல. ஒரே ஒரு தடவ பேசினது. நீங்க தினம் எத்தன பேர அண்ணேன்னு கூப்பிடுவீங்க.

ஆமா சார்.

வேலை முடிஞ்சா மெக்கானிக் ஒரு படிவம் போடணும்ல. எந்த வெர்ஷன் ஏத்தினது, யாரு ஏத்தினது, யாரு சொல்லி ஏத்தினது. அதுவும் அதே கிடங்குலதான் போய் உக்காரும். திறப்பு விழா அன்னிக்கு, அந்த வெள்ளிக்கிழமை காலைல போட்டேன். யாரு சொல்லிங்கற இடத்துல உங்க பேர எழுதினேன், பெருமையா. போட்டதும் ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்துச்சு, நாப்பது எழுத்து. நீங்க அழிச்சதுல கடைசி அதுதான். கடைக்குட்டிப் பேரன், அவனக் கூப்பிட்டா வம்சமே பின்னால வரும். அந்தப் பழைய பொட்டில எது எங்கன்னு காட்டற பேர்ப் பலகையெல்லாம் எப்பவோ கழண்டு போச்சாம். நம்பரச் சொல்லிக் கேட்டாத்தான் குடுக்குமாம். நம்பர் இல்லாம முந்தாநாள் ராத்திரி முழுக்கத் தவிச்சா ஊசி. நேத்துக் காலைல நான்தான் அவகிட்டக் குடுத்தேன். எங்கேருந்துண்ணான்னு கேட்டா. கம்பெனிலேருந்து தப்பா வந்த மெசேஜ்னு சொன்னேன். அதுக்கும் ஏன்னு கேக்கல.

குடுக்காம இருந்திருக்கலாம்தான். இன்னிக்குக் கூட, உங்கள மேல விட்டிருந்தா போதும். நீங்களும் தப்பிச்சிருப்பீங்க, நானும் தப்பிச்சிருப்பேன். ஏணிலேருந்து இறங்கும்போது அதத்தான் சார் நினைச்சேன். கை சுவிட்சு மேல இருக்கு, லிஃப்ட் மூணு, நாலுன்னு ஏறுது. அஞ்சு தாண்டற வரைக்கும் நினைச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

இருங்க. மெசேஜ் வருது.

வந்துடுச்சு சார். நூறு. முழுசா வந்துடுச்சு, திறந்து படிக்கப் போறோம்ணா, சாமி கும்பிட்டுக்கோன்னு அனுப்பியிருக்கா.

சரி. சுவிட்சப் போட்டுட்டேன். ஒரு குலுக்கல் வரும், கம்பியப் புடிச்சுக்கங்க. மெதுவாத்தான் இறக்கறேன். கீழ வந்ததும் நீங்க போகலாம், நான் தடுக்க மாட்டேன். மேல போய் ஒயரப் புடுங்கறதுன்னாலும் புடுங்குங்க, இனிமே அது வெறும் இரும்பு. வக்கீலக் கூப்பிடறதுன்னா வாசல்ல நின்னா சிக்னல் வரும். நான் அந்தத் துணி வண்டி அம்மா வீட்டுக்குத்தான் முதல்ல போகணும்னு இருக்கேன். அப்புறம் ஸ்டேஷன்.

அஞ்சு. நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு. வந்துட்டீங்க.

ஃபோன் அடிக்குது. அவதான். படிச்சிருப்பா.

கொஞ்ச நேரம் பேசாம இருங்க சார், ஒரு நிமிஷம். இத நான் எடுக்கணும்.

ஹலோ. சொல்லும்மா.

ம்.

ஆமாம்மா. நான்தான்.